மலையில் எட்டுப் பேர், சயாமில் ஒருவர்

என் மகன் முதன்முதலில் அழைத்தபோது நான் மறுத்துவிட்டேன். ஐந்தாம் படிவத்தில் பயிலும் அவன், பள்ளியின் வரலாற்றுக் கழகத்தாருடன் மலையேறச் செல்வதாகவும், பிள்ளைகளுடன் பெற்றோர் சிலரும் வந்தால் நலம் என்று ஆசிரியர் கருதுவதாகவும் சொன்னான். அவர்கள் போகவிருந்தது, இரண்டாம் உலகப் போரின் இறுதி நாள்களில் விழுந்த பிரிட்டிஷ் விமானமொன்றின் சிதைவுகள் கிடக்கும் காடு. "எனக்கு மூட்டு வலி. யாரோ விழுந்து இறந்த இடத்தைக் காண்பதற்காக நான் ஏன் அட்டைக்கடி பட வேண்டும்?" என்றேன். அவன் வாதாடவில்லை.

வாசல் திண்ணையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த என் தந்தையார்தான் தலை நிமிர்ந்தார். "போய் வா, தம்பி. காட்டில் தொலைந்தவர்களைத் தேடி எடுத்திருக்கிறார்கள் என்றால், அது எப்படிப்பட்ட இடம் என்று பார்த்துவந்து எனக்குச் சொல்" என்றார்.

வாப்பாவுக்கு வயது 83. தமக்கென்று எதையும் கேட்கும் வழக்கம் அவருக்கில்லை. இதை மட்டும் அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், சிரம்பான் பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் செல்லும் மலைச்சாலையில், ஜெராம் தோய் நீர்வீழ்ச்சியைக் கடந்து போயிருப்பவர்களுக்கு அந்த வட்டாரம் பழக்கமானதாக இருக்கும். சாலைக்கு மேலே எழுந்து நிற்பது தெலாபாக் புரூக் மலை. உயரம் 1000 மீட்டருக்குச் சற்று அதிகம். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் உண்டு. அவற்றுக்குச் செல்லும் செங்குத்தான தார்ச்சாலையில் வார இறுதிகளில் மிதிவண்டிக்காரர்கள் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாலையில் செல்பவர்களில் பெரும்பாலோர், மலையின் காட்டுக்குள் நான்கு இயந்திரங்கள் கொண்ட விமானமொன்று அரை நூற்றாண்டு மறைந்து கிடந்ததை அறியமாட்டார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும் அறிந்திருக்கவில்லை.

நாங்கள் பதினான்கு பேர். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது பேர், ஆசிரியர்கள் இருவர், பெற்றோராக நானும் ஒரு சீனத் தந்தையும், வழிகாட்டியாகத் தெமுவான் பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். புறப்படுமுன் ஆசிரியர் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து அந்த விமானத்தின் கதையைச் சொன்னார்.

1945 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானியப் பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்தார். ஆனால் மலாயாவில் பிரிட்டிஷ் படைகள் வந்திறங்கியது செப்டம்பரில்தான். இடைப்பட்ட அந்த வாரங்களில் ஜப்பானியப் படை இன்னும் ஊர்களில்தான் இருந்தது. காடுகளில் மறைந்திருந்த எதிர்ப்புப் படையினருக்கும், அவர்களுடன் இருந்த 136ஆம் படைப்பிரிவின் அதிகாரிகளுக்கும் உணவும் மருந்தும் கருவிகளும் வானிலிருந்துதான் போடப்பட்டன. அந்தப் பணிக்காக, இந்துமாக்கடலிலுள்ள கொக்கோஸ் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் விமானங்கள் புறப்பட்டு வந்தன. வருவதற்கு மட்டும் ஏறத்தாழ 1700 கிலோமீட்டர். திரும்பிப் போகவும் அதே தொலைவு. கீழே பெரும்பகுதி வெறும் கடல். பொதிகளைக் குறித்த இடத்தில் போட வேண்டுமானால் விமானம் மலைகளுக்கிடையே தாழ்ந்து பறந்தாக வேண்டும்.

ஆகஸ்டு 23 அன்று அப்படிப் புறப்பட்டு வந்த விமானங்களில் ஒன்று, 356ஆம் அணியைச் சேர்ந்த கேஎல்654. அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். அது திரும்பிப் போகவேயில்லை. சரணடைவு அறிவிக்கப்பட்டு எட்டு நாள்களாகியிருந்தன. "போர் முடிந்துவிட்டது என்று இவர்களின் பெற்றோர் மகிழ்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்" என்றார் ஆசிரியர். பிள்ளைகளின் சலசலப்பு நின்றது.

நடை தொடங்கியது. முதல் அரைமணி நேரம் மூங்கில் புதர்களுக்கிடையே எளிய பாதை. அதன்பிறகு பாதை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. மரவேர்களே படிகள். பிரம்புக் கொடிகளின் கொக்கி முட்கள் சட்டையைப் பிடித்தால், முன்னே இழுக்காமல் பின்னே ஓர் அடி வைத்து விடுவித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர் கற்றுத் தந்தார். அட்டைகள் ஈர இலைகளின் நுனியில் எழுந்து நின்று, வருபவரை மணத்தாலும் சூட்டாலும் அறிந்து தாவின. காலுறைகளில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தும், என் கணுக்காலில் மூன்று ஏறியிருந்தன. எங்கோ உயரத்தில் இருவாய்ச்சிப் பறவையொன்று கடந்துபோன சிறகோசை, யாரோ பாயை உதறுவதுபோல் கேட்டது.

பெரியவர் அதிகம் பேசவில்லை. ஓரிடத்தில் நான் இளைத்து நின்றபோது, தாமும் நின்று, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மலாயில் சொன்னார்: "எங்கள் ஆட்கள் வேட்டைக்கு வரும் காடு இது. இரும்பு கிடப்பது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அங்கே யாரும் இரவு தங்கமாட்டோம். அங்கே இருப்பவர்களுக்கு வீடு வெகுதூரம் என்று என் தந்தை சொல்வார்."

அந்தச் சொல் என்னை ஏதோ செய்தது. வீடு வெகுதூரம் என்பது எங்கள் வீட்டிலும் புழங்கிய சொல்தான்.

இங்கே என் குடும்பக் கதையைச் சொல்லியாக வேண்டும். என் வாப்புச்சா இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மலாயாவுக்கு வந்து, சிரம்பானுக்கு வெளியே ஒரு தோட்டத்தின் அருகில் மளிகைக் கடை வைத்திருந்தார். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். அக்காலத்தில் அதுதான் வழக்கம். 1941இன் தொடக்கத்தில் ஊருக்கு வந்து திரும்பியபோது, கடைக்குத் துணையாகத் தம் மூத்த மகனை அழைத்துச் சென்றார். அவருக்கு அப்போது 17 வயது. என் வாப்பாவோ உம்மாவின் இடுப்பிலிருந்த குழந்தை. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கினார்கள். கடல் மூடிக்கொண்டது. கடிதங்கள் நின்றன.

1943இல் ஒருநாள், அரிசி கிடைக்கிறதென்று கேள்விப்பட்டுச் சிரம்பான் நகருக்குச் சென்ற அந்த மூத்த மகன் திரும்பி வரவில்லை. சாலையில் நின்ற ஆண்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். லாரி போனது இரயில் நிலையத்துக்கு. இரயில் போனது சயாமுக்கு.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில்பாதையை ஜப்பானிய இராணுவம் காட்டையும் பாறையையும் வெட்டிப் போட்டது. இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. அதில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ கைதிகளைவிடப் பன்மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் மட்டும் பல்லாயிரம். போர்க்கைதிகளுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள். பெயர்ப் பட்டியல் வைத்திருந்த அதிகாரிகள் இருந்தார்கள். தொழிலாளர்களுக்கு இரண்டும் இல்லை. மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம்களே காலியாகின.

1946இல் வாப்புச்சா தனியாகக் கப்பலேறி ஊருக்கு வந்தார். கடைத்தெருவிலிருந்து வீடுவரை அவர் நடந்து வந்ததையும், உம்மா அவருடைய முகத்தைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றதையும், ஆறு வயதுச் சிறுவனாகக் கண்ட என் வாப்பா இன்றும் சொல்வார்.

சயாமிலிருந்து உயிரோடு மீண்ட ஒருவர், "உங்கள் மகனைக் காலராக் கொட்டகையில் கிடத்தியிருந்ததைக் கண்டேன். மறுநாள் எங்கள் அணியை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்" என்று வாப்புச்சாவிடம் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியை என் வாப்பும்மா கேட்டார், ஆனால் ஏற்கவில்லை. "கிடந்ததைத்தானே கண்டார்? அடக்கியதைக் கண்டாரா?" என்றார். கத்தம் ஓதவோ ஜனாஸாத் தொழவோ யாராவது பேச்செடுத்தால், "யூசுஃப் நபி (அலை) திரும்பக் கிடைக்கவில்லையா? யஃகூப் நபி (அலை) கண் பார்வை போகும்வரை காத்திருக்கவில்லையா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அந்த மகனுக்கென ஒரு புதுக் கைலி எடுத்து மடித்துவைப்பார். 1968இல் அவர் மௌத்தான பிறகு பெட்டியைத் திறந்தபோது, உடுத்தப்படாத 22 கைலிகள் இருந்தன.

என் வாப்பா 12 வயதில் தம் தந்தையுடன் இந்த நாட்டுக்கு வந்து, அதே கடையில் நின்று, இங்கேயே வேர்விட்டார். முகமே நினைவில்லாத அந்த அண்ணனை இன்றுவரை "காக்கா" என்றுதான் சொல்வார். தொலைந்தவர்களைத் தேடி எடுத்த இடத்தைப் பார்த்து வா என்று அவர் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, சரிவொன்றில் பெரியவர் கையுயர்த்தி நின்றார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாசியும் பெரணியும் வேரும்தான். பிறகு, வேருக்கு அடியில் நேர்கோடு ஒன்று தெரிந்தது. காட்டில் நேர்கோடு இயற்கையன்று. அது ஒரு தகட்டின் விளிம்பு. அதையொட்டித் தையல்போல் வரிசையாக ஆணித்தலைகள். அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடித்து மண்ணாகிவிடுவதில்லை. வெளிறிய சாம்பல் நிறத்தில், கசங்கிய துணிபோல் அப்படியே கிடக்கிறது. ஒன்றைக் கண்டதும் கண் பழகி, சரிவெங்கும் துண்டுகள் தெரியத் தொடங்கின. சற்றுக் கீழே பாதி புதைந்த நிலையில் ஓர் இயந்திரம். நடுவிலிருந்து நாற்புறமும் விரியும் உருளைகள், காய்ந்த பெரும்பூவைப்போல். இத்தகைய இயந்திரம் ஒன்றில் 14 உருளைகள் உண்டென்றும், நான்கு இயந்திரங்கள் சேர்ந்தே அந்த விமானத்தைச் சுமந்தன என்றும் ஆசிரியர் விளக்கினார். இறக்கைகளின் முனைக்கு முனை அகலம் 33 மீட்டருக்கும் மேல். அந்தச் சரிவில் நிற்கும் மரங்களுக்கிடையே அவ்வளவு பெரிய பொருள் ஒன்று வந்து விழுந்ததற்கான இடைவெளி எதுவும் இப்போது இல்லை. காடு மூடிக்கொண்டுவிட்டது.

மாணவன் ஒருவன் குனிந்து உள்ளங்கையளவு தகடு ஒன்றை எடுத்தான். பெரியவர் தலையசைத்தார், அவ்வளவுதான். பையன் அதை எடுத்த இடத்திலேயே, எடுத்த விதமாகவே வைத்துவிட்டான்.

பூர்வகுடி வேட்டைக்காரர்களின் கண்ணில் முதலில் பட்ட இந்தச் சிதைவுகளைப் பிறகு ஆய்வாளர்களும் அருங்காட்சியகத் துறையினரும் அகழ்ந்து, எஞ்சிய எலும்புகளைச் சேகரித்தார்கள். 2012 அக்டோபரில், கோலாலம்பூர் செராஸ் சாலையிலுள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் இராணுவ மரியாதையுடன் அந்த எட்டுப் பேரும் அடக்கம் செய்யப்பட்டார்கள். உறவினர் பிரிட்டனிலிருந்து வந்திருந்தார்கள். விழுந்து 67 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடைத்தது. அதுவரையிலும்கூட அவர்கள் பெயரற்றவர்களாக இருக்கவில்லை. கல்லறை அறியப்படாத வீரர்களுக்காகச் சிங்கப்பூர் கிராஞ்சியில் எழுப்பப்பட்ட நினைவுச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

மகன் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "வாப்பா, இவர்களுக்காக நாம் என்ன ஓத வேண்டும்?" என்று கேட்டான்.

நான் சற்று யோசித்தேன். இவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். அவர்களுக்கான தொழுகையை அவர்களுடைய பாதிரியார் செராஸில் நிகழ்த்திவிட்டார். ஆனால் நபி (ஸல்) அவர்களைக் கடந்து ஒரு யூதரின் பிரேதம் கொண்டுசெல்லப்பட்டபோது அவர்கள் எழுந்து நின்றதையும், தோழர்கள் வியந்து கேட்டபோது அதுவும் ஓர் உயிரல்லவா என்ற பொருளில் அவர்கள் விடையளித்ததையும் மகனுக்கு நினைவூட்டினேன். "ஓதுவது வேறு, நிற்பது வேறு. இங்கே நாம் நிற்போம்" என்றேன். எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றார்கள். மூடுபனி சரிவின் மேலிருந்து மெல்ல இறங்கி வந்தது. நானும் நின்றேன்.

நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நான் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், அது பொறாமை. இந்த எட்டுப் பேரைத் தேடி ஓர் அரசு வந்தது. எலும்பைப் பொறுக்கி, பெயரைப் பொறித்து, கொடியைப் போர்த்தி, துப்பாக்கியைத் தாழ்த்தி நின்றது. இவர்கள் விழுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இதே நெகிரி செம்பிலானிலிருந்து அரிசிப் பையுடன் போன ஒரு பையனைத் தேடி யாரும் வரவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணப்படுகின்றன. அதே பாதையில் இறந்த தோட்டத் தொழிலாளர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கேனும் பெயர் தாங்கிய கல் உண்டா?

அந்தப் பொறாமை நெடுநேரம் நிற்கவில்லை. காரணம் எளியது: அரசு செய்யவில்லை என்று குறைப்படும் நான் என்ன செய்தேன்? என் பெரிய வாப்பாவின் பெயரை என் மகனுக்குச் சொல்லியிருக்கிறேனா? இல்லை. மலையேறிப் பிறருடைய பெரியவர்களைப் பற்றிக் கேட்டறிந்த என் மகனுக்கு, தன் வயதிலேயே கப்பலேறிப் போன தன் குடும்பத்தவர் ஒருவரைத் தெரியாது. எங்கள் மௌனத்தில் அவர் இரண்டாம் முறையும் தொலைந்துபோயிருந்தார்.

இறங்கும் வழியில் ஓர் ஓடையில் உளூச் செய்து, பாறையொன்றின் மேல் துணி விரித்து லுஹர் தொழுதோம். ஸலாம் கொடுத்தபின் அங்கேயே உட்கார்ந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடையிடாமல் கேட்டான். கைலிகளைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "இருபத்திரண்டா?" என்று கேட்டான்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு வாப்பாவின் அருகில் அமர்ந்து, கண்டதைக் கண்டபடி விவரித்தேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். "எட்டுப் பேருக்கும் பெயர் தெரியுமா?"

"தெரியும், வாப்பா. கல்லில் இருக்கிறது."

"அடக்கும்போது தொழுகை நடந்ததா?"

"அவர்கள் முறைப்படி நடந்தது."

நீண்ட நேரம் தஸ்பீஹ் மணி ஓடவில்லை. பிறகு, "காக்காவுக்கு யாரும் தொழவில்லையே, தம்பி" என்றார். "நான் போவதற்கு முன்னால் அதை முடித்துவிட்டுப் போக வேண்டும். இமாமிடம் கேட்போம்."

மறுநாள் அஸருக்குப் பிறகு மூவரும் இமாமைச் சந்தித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி தொலைநாட்டில் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அவருக்காகத் தொழவைத்ததையும், அதன் அடிப்படையில் மறைவான ஜனாஸாவுக்குத் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிப்பதையும், ஹனஃபி மத்ஹபில் அது இல்லை என்பதையும் எடுத்துரைத்தார். பிறகு சற்றுத் தயங்கினார். "ஹஜ்ரத், மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார் வாப்பா.

"நமது மத்ஹபின் வலுவான சொல்லின்படி, ஒருவர் இறந்த நேரத்தில் யார்மீது அந்தத் தொழுகை கடமையாகத் தக்க நிலையில் இருந்ததோ, அவர்கள்தாம் பின்னாளில் மறைவாகத் தொழ முடியும். மகான்களும் நபிமார்களும் மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகளான பின்பும் ஒவ்வொரு தலைமுறையும் எழுந்து அவர்களுக்கு ஜனாஸாத் தொழத் தொடங்கிவிடக் கூடாதல்லவா? உங்கள் காக்கா அந்தக் கொட்டகையிலேயே மௌத்தாகியிருந்தால், அன்று உங்களுக்கு வயது என்ன?"

"மூன்று" என்றார் வாப்பா.

இமாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பருவமடைந்தவர்களாக அன்று எங்கள் குடும்பத்தில் இருந்த எல்லோரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அந்தத் தொழுகையைத் தொழத் தகுதியுள்ள கடைசி மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அப்படியானால் உம்மா தொழுதிருக்கலாம்" என்றார் வாப்பா மெதுவாக. "வாப்பாவும் தொழுதிருக்கலாம். நம்பிக்கை தடுத்துவிட்டது."

அந்தச் சொல்லைக் கேட்ட இமாம், வாப்பாவின் கைகளைப் பற்றிக்கொண்டார். "உங்கள் உம்மாவைக் குறை சொல்லாதீர்கள். மகன் இறந்துவிட்டான் என்பதற்கு உறுதியான சாட்சி இல்லாதவரை, அவன் திரும்புவான் என்று எண்ணிய தாயை அல்லாஹ் அறிவான். தொழுகையின் வாசல்தான் கடந்துபோயிற்று. துஆவின் வாசலும் தர்மத்தின் வாசலும் திறந்தே இருக்கின்றன. அவற்றுக்கு வயதும் இல்லை, தூரமும் இல்லை. இன்னொன்று: வயிற்று நோயால் இறப்பவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்பது நபிமொழி. காலராவில் போன பிள்ளைக்கு அதை நாம் ஆதரவு வைக்கலாம்."

வாப்பா அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து, தம் அலமாரியிலிருந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். வாப்புச்சா தொடங்கியது அது. குடும்பத்தில் மௌத்தானவர்களின் பெயர், நாள், அடக்கமான ஊர் ஆகியவற்றை அரபுத் தமிழிலும் பின்னர் தமிழிலும் எழுதிவைக்கும் ஏடு. ஒவ்வொரு ரமளானிலும் அதைப் பார்த்துத்தான் பெயர் சொல்லி யாசீன் ஓதுவோம். அதில் காக்காவின் பெயர் இல்லை. எழுதினால் இறந்ததாகிவிடும் என்பதால் வாப்பும்மா எழுத விடவில்லை. அவர் போனபிறகும் எழுத யாருக்கும் துணிவு வரவில்லை.

"உன் கையால் எழுது" என்று வாப்பா பேரனிடம் பேனாவைக் கொடுத்தார். மகன் எழுதினான். நாள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று நிமிர்ந்து பார்த்தான். "1943, மழைக்காலம்" என்றார் வாப்பா. ஊர் என்ற கட்டத்தில் "சயாம்" என்று எழுதினான். அப்போதுதான் வாப்பா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

எஞ்சியிருந்த கைலிகளில் சில ஊரில் எங்கள் மாமி வீட்டில் இருந்தன. வாப்பாவின் சொற்படி அவற்றை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நைந்துபோனவை வேறு, இவை மடிப்புக் கலையாமல் உறுதியாக இருந்தனவாம். அவற்றுடன் காக்காவின் பெயரால் ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஒரு குடிநீர்த் தொட்டியும் கட்டிக் கொடுத்தோம். காக்கா கடைசியாக வீட்டிலிருந்து புறப்பட்டுப் போன தெருவில்தான் அந்தப் பள்ளிவாசல் இருக்கிறது.

செராஸ் சாலைக் கல்லறைத் தோட்டத்துக்கும் நானும் மகனும் ஒருநாள் போய் வந்தோம். அங்கே ஓதுவதற்கு எங்களுக்கு ஒன்றும் இல்லை, நின்றோம். மலையில் அந்த எட்டுப் பேருக்காக நின்றதால்தான் எங்கள் வீட்டில் ஒருவருக்கு வரி கிடைத்தது. அந்த நன்றியைச் செலுத்தவே போனோம்.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். பர்மாவிலிருந்து நடந்து வரும் வழியில் காணாமற்போனவர், கப்பலில் போய்க் கடிதம் நின்றுபோனவர், சயாமுக்குப் போனவர் என்று நம் குடும்பங்களில் எழுதப்படாத பெயர்கள் பல உண்டு. அவர்களை அறிந்த கடைசி முதியவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கக்கூடும். இந்த வாரமே அவரிடம் அமர்ந்து கேட்டு எழுதிவையுங்கள். சில கடமைகளுக்குத் தவணை உண்டு. அது எப்போது முடிந்தது என்பது முடிந்த பின்னரே நமக்குத் தெரியவருகிறது.

மண்ணறை அறியப்படாத நம் முன்னோர் அனைவரையும் அல்லாஹ் அறிவான். அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் தனிமையை நீக்கி, மறுமையில் அவர்களைக் காத்திருந்த தாய்மாருடன் ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன்.